பாட்டு நின்றது, அடி நிற்கவில்லை

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர்தான். அவசரமென்றால் சுவரைத் தட்டுவோம்; பக்கத்து வீட்டார் ஓடிவருவார்கள்.

கையிருப்புக்கு ஏற்ற ஸ்பீக்கர் வாங்க பதுளைக்குப் போனேன். இடுப்பளவு உயரத்தில் தரையில் நிற்கும் சோடி ஒன்று அந்தப் பெரிய கடையில் முழங்கியது. எங்கள் சின்ன அறை நினைவுக்கே வராமல் அதையே வாங்கிவந்தேன்.

ஞாயிறு காலை அதைப் பொதுச்சுவரோடு சேர்த்து வைத்துப் பாட்டுப் போட்டேன். சுவரே 'டொம் டொம்' என்று அதிர்ந்தது.

"பேஸ் எப்படி அடிக்குது பாத்தியா!" என்று மனைவியிடம் சொல்லி, சத்தத்தை இன்னும் கூட்டினேன்.

பாட்டு முடிந்தது. 'டொம் டொம்' மட்டும் நிற்கவில்லை.

மனைவி சுவரில் காதை வைத்தாள். "ஐயோ, நம்ம செல்வி தட்டுதுங்க!"

ஓடினோம். பக்கத்து வீட்டு நிறைமாதக்காரி செல்வி, வலியில் சுவரோரம் சுருண்டு கிடந்தாள்.

"நான் தட்டத் தட்ட நீங்க சத்தத்தக் கூட்டுறீங்களே, அண்ணே!"

எப்படியோ தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். தாயும் பிள்ளையும் நலம்.

அந்தச் சோடியைத் திருப்பிக் கொடுத்து, மேசையில் வைக்கும் சிறியதை எடுத்தேன். இந்த முறை கடையில் பாட்டை ஓடவிட்டு, மனைவியைச் சுவரில் தட்டச் சொன்னேன். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். தட்டுவது தெளிவாகக் கேட்ட ஸ்பீக்கரைத்தான் வாங்கிவந்தேன்.

– மனோகரன், மடுல்சீமை