மூன்று ஸ்டீல் கிடார்களும் ஒரு பித்தளைப் பட்டையும்

ரிப்பேர்த் தொழிலில் ஒரு வசதி உண்டு: சாமான் வரும்போதே கெட்டுப்போய்த்தான் வரும் என்பதால், நாம் கொஞ்சம் கூடுதலாகக் கெடுத்தாலும் உடனே தெரியாது. எனக்கு மட்டும் அந்த வசதி வாய்க்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றின் டூல்ரூமில் ஃபிட்டராக இருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஷிப்ட் முடிந்ததும் வாடகை அறையில் ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் கிடார்களைப் பார்த்துக்கொடுப்பேன். அடுத்தவர் சாமானைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி பூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் பட்ட அந்த ஒரு வாரம் புரியும்.

இலவச சர்வீஸ்

காவேரிப்பட்டினம் தேவராஜ் அண்ணன் திங்கட்கிழமை தன் கிடாரைக் கொடுத்துவிட்டுப் போனார். வால்யூமைத் திருகினால் கரகரக்கிறது, அவ்வளவுதான் புகார். ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். அன்று கிடார் வராவிட்டால் அவர் இடத்தில் கீபோர்டு ஆளை உட்கார வைத்துவிடுவேன், அப்புறம் எழுப்ப மாட்டேன் என்று குழுவின் முதலாளி சொல்லியிருந்தாராம்.

அதுவரை நான் பார்த்ததெல்லாம் மார்பில் சாய்த்து விரலால் அமுக்கி வாசிக்கிற சாதாரணக் கிடார்தான். இதில் கம்பிகள் கழுத்தைத் தொடாமல் விரல் நுழைகிற உயரத்தில் நின்றன. டூல்ரூம் கண்ணுக்கு அது பச்சைத் தப்பு. பாவம் மனுஷன், இத்தனை நாள் எப்படித்தான் அமுக்கினாரோ என்று இரக்கப்பட்டு, தலைப்பக்கம் கம்பிகள் ஏறி உட்காரும் பட்டையை அரத்தால் ராவித் தாழ்த்திவிட்டேன்.

புதன்கிழமை அண்ணன் வந்தார். கிடாரை மல்லாக்க மடியில் வைத்தார். பையிலிருந்து ஒரு இரும்பு உருளையை எடுத்துக் கம்பிமேல் வைத்து இழுத்தார். இந்த ஸ்டீல் கிடாரில் கம்பியை அமுக்குவதே கிடையாதாம். உருளை வழுக்கிக்கொண்டு போகத்தான் அந்த உயரமாம். இப்போது உருளை கழுத்தில் பதித்திருந்த உலோகக் கோடுகளில் தடதடவென்று இடித்தது. நான் அரத்தை மெதுவாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அண்ணன் கத்தவில்லை. கிடாரை என்னிடமே விட்டுவிட்டு, உருளையைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "கரகரப்ப மட்டுந்தான் எடுக்கச் சொன்னேன் தம்பி. நீங்க பாட்டையும் சேத்து எடுத்துட்டீங்களே!"

டிராயிங் எங்கே?

வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் கழிவுத் தொட்டியிலிருந்து ஒரு பித்தளைத் துண்டை எடுத்து, உயரமான புதுப் பட்டை ஒன்றை வெட்டினேன். கேட்டில் சொல்லி அனுமதி வாங்கி வெளியே எடுத்துப்போக எனக்குப் புத்தி வரவில்லை. டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கேட்டில் இருந்த அத்திப்பள்ளிக்காரக் காவலாளி அன்றைக்கென்று பார்த்து மூடியைத் திறக்கச் சொன்னார். பட்டையை எடுத்துக்கொண்டு என் பெயரையும் எழுதிக்கொண்டார். வேலையும் போச்சு, அண்ணன் பிழைப்பும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை ஃபோர்மன் கூப்பிட்டார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெர்னியர் அளவுகோலால் அளந்தார். பிறகு கேட்டார்: "இதுக்கு டிராயிங் எங்க? டிராயிங் இல்லாம என் டூல்ரூம்ல ஒரு துண்டு வெட்டுனா அதுதான்யா பெரிய திருட்டு. போட்டுக் கொண்டா, அப்புறம் பாக்கலாம்."

தானே கத்துகிற கிடார்

அளவு குறித்த டிராயிங்கை வரைந்து கொடுத்துவிட்டுப் பதில் தெரியாமல் அறைக்கு வந்தால், வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர் நாராயணப்பா காத்திருந்தார். பெங்களூர் மைத்துனர் விட்டுப்போன கிடாராம், கர்ரென்று அதிர்கிறதாம். உடம்பு முழுக்கத் தகடு, முகத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு மூடி. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மடியில வெச்சு வாசிப்பீங்களா, மார்ல சாய்ச்சா?" என்று கேட்டேன். "ரெண்டுமில்லீங்க, பீரோ மேல வெச்சிருக்கறோம்" என்றார்.

மூடிக்கு அடியில் அலுமினியக் கிண்ணம் ஒன்று கவிழ்ந்திருந்தது. கம்பி அதிரும்போது அந்தக் கிண்ணமும் அதிர்ந்து சத்தத்தைப் பெருக்குகிறது. ஒயரும் இல்லை, ஆம்ப்ளிஃபயரும் இல்லை. மூடியில் ஒரு திருகு லூசாக இருந்தது. அதைக் கால் சுற்று முறுக்குவதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. நாராயணப்பா ஒரு கம்பியைச் சுண்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்: "எங்கூர்ல சாயங்காலமானா கரண்டு போயிடுதுங்க. இது பரவால்ல, கரண்டு கேக்காம அதுபாட்டுக்குக் கத்துது!"

பத்துக் கம்பி, மூன்று பெடல்

சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஃபோர்மன் பட்டையைத் திருப்பித் தரவில்லை. அந்த நேரம் பார்த்து அரை நாள் ஷிப்ட் விடும்போது, பெங்களூர் ஓட்டல் பேண்டில் வாசிக்கும் பிரகாஷ் என்பவர் கேட் வாசலில் என்னைப் பிடித்தார். காரில் நாலு கால் மேஜை ஒன்று மடங்கிக் கிடந்தது. மேலே பத்துக் கம்பி, கீழே மூன்று பெடல். இதுவும் கிடார்தானாம், இதிலும் உருளைதான் ஓடுகிறது. ஆனால் பெடலை மிதித்தால், அடியில் போகிற மெல்லிய கம்பி மேலே உள்ள கம்பியை இழுத்துச் சுருதியை ஏற்றிவிடும். அந்த இழுப்புக் கம்பி ஒன்று அறுந்துவிட்டது.

தொழிற்சாலையிலிருந்து ஒரு குண்டூசி எடுக்கவும் எனக்குத் தைரியமில்லை. பக்கத்து சைக்கிள் கடையில் சக்கரத்துக்குப் போடும் ஒரு போக்ஸ் கம்பி வாங்கி வளைத்து மாட்டினேன். பிரகாஷ் மிதித்துப் பார்த்தார், சுருதி ஏறி நின்றது. என் மனசுதான் ஃபோர்மன் பதிலை நினைத்து இறங்கியே கிடந்தது. கிளம்பும்போது அவர் சொன்னார்: "பார்டர்ல கிடாருன்னு சொன்ன வரைக்கும் ஒருத்தரும் நம்பல சார். தையல் மெஷின்னு சொன்னேன், உடனே போகச் சொல்லிட்டாங்க!"

ஞாயிற்றுக்கிழமை

பிரகாஷை அனுப்பிவிட்டுத் திரும்பினால், ஃபோர்மன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பட்டையோடு ஒரு கேட் பாஸையும் நீட்டினார். அதில் "கழிவுப் பித்தளை, ஒன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு வேளை சாப்பிட்டிருப்பேன்.

அன்றே பட்டையை மாட்டிக் கிடாரை அண்ணனிடம் சேர்த்தேன். ஞாயிறு ரிசப்ஷனில் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றேன். கீபோர்டு ஆள் வந்து, உறையைக்கூடப் பிரித்துவிட்டுக் காத்திருந்தான். முதல் பாட்டில் அண்ணன் உருளையை மேலே இழுத்தார். இடிக்கவில்லை. அந்த இழுப்பில் முன்வரிசைக் குழந்தைகளே வாயை மூடின. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்? ஏழாவது பாட்டுக்கு முதலாளி கீபோர்டு ஆளைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டார்.

ஆனால் அண்ணன் அன்று முழுக்க வால்யூம் திருகு பக்கம் விரலைக் கொண்டுபோகவே இல்லை. ஏனென்று எனக்கு உறைக்கவில்லை. எல்லாம் முடிந்து, கிடாரைப் பெட்டியில் வைத்து என் கையில் கொடுத்து அவர் சொன்னார்: "கரகரப்பு அப்படியேதான் இருக்குது தம்பி. இந்தத் தடவை அத மட்டும் பாத்துக் குடுங்க."

அன்றிலிருந்து யார் எந்தக் கிடாரைக் கொண்டுவந்தாலும், இதில் எதெது கோளாறு இல்லை என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் என்ன கோளாறு என்று கேட்கிறேன்.