நடராஜண்ணன் மறைத்த நாற்பத்திரண்டாம் வரி

நடராஜண்ணன் செத்துட்டார். நேத்துக் காலையில... ஹார்ட் அட்டாக்.

வீரபாண்டி பனியன் கம்பெனியில சீனியர் மெர்ச்சண்டைசர். ஆறு வருஷம் அவருக்குக் கீழ வேலை பார்த்தேன். தங்கமான மனுஷன்னு எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டிருக்கீங்க. போடுங்க, போடுங்க.

ஆர்டர் ஷீட் மாதிரியே அவங்க குலக் கூட்டத்துக்கும் ஒரு எக்செல் ஷீட் வச்சிருந்தார். சொந்தக்காரங்களை எல்லாம் டியூப்ல துப்ப வச்சு, டி.என்.ஏ. ரிசல்ட்டை வாங்கி, பங்காளிக்குப் பச்சை, மாமன் மச்சானுக்கு மஞ்சள்னு கலர் அடிச்சு... பனியன் வாங்குற எந்த ஃபாரின் பையருக்கும் இவ்வளவு அக்கறையா அவர் ஷீட் போட்டதில்ல.

சுத்தமான ரத்தம்னு கேண்டீன்ல பீத்தல் வேற. எச்சிலைக் கூரியர்ல அனுப்பிக் கௌரவம் வாங்குற கூட்டம்!

துப்புற கிட் ஒண்ணு மீந்துச்சு. வெளியாள் ரத்தம் எப்படி வேறயா வரும்னு கூட்டத்துக்குக் காட்டணுமாம். தெற்கத்திக்காரி மகன், அப்பன் யாருன்னே தெரியாதவன்... நான் இருக்கேனே. துப்பினேன்.

ரெண்டு மாசம் என் ரிசல்ட் பத்திப் பேச்சே இல்ல. அப்புறம் பிரிண்ட் எடுக்கச் சொல்லி ஷீட்டை எனக்கே அனுப்பினார். 41க்கு அடுத்து 43. வரியை மறைக்கத் தெரிஞ்சவருக்கு நம்பர் குதிக்கும்னு தெரியல. இவர்தான் சீனியர்.

திறந்து பார்த்தா என் பேர். அவருக்கும் எனக்கும் பொருத்தம்... அப்பன் வழியில, சித்தப்பா மகன் அளவுக்கு. பக்கத்துல "சாம்பிள் தப்பு"ன்னு எழுதியிருந்தார்.

அவருக்கு இருந்தது ஒரே சித்தப்பா. எங்கம்மா அந்தக் காலத்துல டெய்லரா இருந்த யூனிட்டோட ஓனர். அவரும் இல்ல, அம்மாவும் இல்ல. அம்மா கடைசி வரைக்கும் வாயே திறக்கல.

நான் சொத்தா கேட்டேன்? என் அப்பன் உங்க சித்தப்பாதானான்னு அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன்.

"அது மெஷின் தப்புங்க. நீங்களே உங்க அம்மா பேரைக் கெடுத்துக்காதீங்க."

இவ்வளவு மரியாதையா யாரும் எங்கம்மாவைக் கேவலப்படுத்தினதில்ல. த்தூ.

இன்னிக்கு சுடுகாட்டுக்குப் போனேன். பங்காளிங்க எல்லாம் வந்து வாய்க்கரிசி போடுங்கன்னு ஒரு பெரியவர் கூப்பிட்டார்.

வரிசையில போய் நின்னேன். நீ யாருன்னு ஒருத்தரும் கேட்கல. தடுக்க வேண்டியவர் படுத்துக் கிடந்தார்.

போட்டேன்.

போயிட்டு வாங்கண்ணா.