ஐயரம்மா வராத குருமனை

“ஆசீர்வாதம் மாமா போயிட்டார்டா” என்றார் அப்பா, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து. “ஊருக்கா?” என்று கேட்டேன். அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. நிமோனியா.

இந்த ஜெர்மன் ஊரில், எர்லாங்கனில், அவரோடு சைக்கிள் மிதித்த பழைய நண்பர் நீங்கள்; உங்களுக்கு அந்த வீட்டையும் தெரியும். பக்கத்துக் கிராமத்தின் பழைய குருமனை. குளிர் தாங்காமல் பாதிரியாரே புது வீட்டுக்கு ஓடிவிட, மாடி அறை மாமாவுக்கு வாடகைக்குக் கிடைத்தது. “குருமனையில் குடியிருக்கிறேன்” என்று ஊருக்கு எழுதிப்போட்டார். அவருடைய தெற்கத்தி நாசரேத் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்பார்கள். குருமனையில் ஐயரைத் தவிர யாரும் குடியிருப்பதில்லை. பௌதிகம் படிக்க வந்தவருக்கு ஊரே கூடிக் குருப்பட்டம் கொடுத்துவிட்டது. அவர் மனைவி ரஞ்சிதம் அத்தை அங்கே ‘ஐயரம்மா’ ஆனார். கோயிலில் முன்வரிசை.

“இல்லேன்னு எழுதலியா மாமா?”

“நான் அவளுக்கு வாங்கிக் குடுத்த ஒரே நகைல்லா அது. பிடுங்கச் சொல்லுதியா?”

“சரி, மனை கெடச்சிருச்சு. மனைவி எப்போ?”

“ஒரு ‘வி’தாம்ல குறையுது. விசா.”

அத்தைக்கு விசா கிடைக்கக் கணப்பு உள்ள அறையைக் காட்ட வேண்டும். புகைக்குழாய்க்குச் சுவரில் ஒரு துளை போட அனுமதி கேட்டு, வீட்டுக்குச் சொந்தமான திருச்சபையின் தலைவரிடம் போனோம். என் பள்ளிக்கூட ஜெர்மன் துணைக்கு. “இந்தச் சுவர் சரித்திரம். தொடக்கூடாது” என்றார் அவர்.

“சரித்திரத்துக்குக் குளிராதான்னு கேளுல.”

கேட்டேன். “வெயில் நாட்டுக்காரருக்குக் குளிர்ந்தால் அது சுவரின் குற்றமில்லை” என்று பதில் வந்தது. நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் மாமா எழுந்துவிட்டார். “தமிழ்ல சொல்ல வேண்டாம்ல. அவரு மூஞ்சியே தமிழ்ல இருக்கு.”

அந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டவில்லை.

அடக்கம் முடிந்து சாமான்களை எடுக்கப் போனோம். மாடிச் சுவரில் கொத்தனார் துளை போட்டுக்கொண்டிருந்தார். ஆளில்லாத அறையில் ஈரம் ஏறிப் பழைய மரப்பலகைகள் உப்புகின்றனவாம், கணப்பு வைக்கிறார்கள். “பலகைக்கு விசா கெடச்சாச்சு” என்றேன். எப்போதும் அதட்டும் அப்பா அன்று மாமாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

ஊரில் போதகருக்குரிய மரியாதையோடு ஜெபம் நடந்ததாம். அத்தை இன்னும் ஐயரம்மாதான். இங்கிருந்து யாரும் மறுத்து எழுதப்போவதில்லை.

மாமாவின் குளிர்கோட்டு எனக்கு வந்தது. அவர் வாங்கிய அன்றே, “இதுக்குள்ள ரெண்டு பேர் நுழையலாமே மாமா” என்று சிரித்தேன். “ஸ்டேஷன்ல அவ வந்து இறங்கினதும் நுழைவோம்ல” என்றார்.

மனக்கோட்டை என்கிறார் அப்பா. மனம் மண்ணுக்குள் போயாயிற்று. கோட்டை நான் வைத்திருக்கிறேன்.