ஜெபத்துக்கு ஐந்து நிமிடம் போதாது

எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். மும்பை விக்ரோலியில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, கல்லூரிகளுக்கு விண்ணப்ப இணையதளம் செய்து கொடுக்கிறது. தளத்துக்குள் வந்தவர் எத்தனை நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் வெளியே தள்ளுவது என்று ஒரு நாள் பேச்சு வந்தது. சைபர் கஃபேயில் ஒருவர் அப்படியே எழுந்து போய்விட்டால், அடுத்து உட்காருகிறவர் அவருடைய விவரங்களை எல்லாம் பார்த்துவிடலாமே, அதற்காக. நான் ஐந்து நிமிடம் என்றேன். மாட்டுங்காவிலிருந்து வரும் எங்கள் மேலாளர், "பதினஞ்சாவது வையேம்மா, நிதானமா பண்றவாளும் இருப்பா," என்றார்.

"அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே செய்யலைன்னா தூங்கிட்டாங்கன்னு அர்த்தம், சார்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரே பெருமை. ஐந்து என்றே எழுதிவிட்டேன்.

தாராவியில் எங்கள் வீட்டில் எந்த விண்ணப்பமும் ஜெபம் இல்லாமல் வாசல் தாண்டாது. ரேஷன் கார்டானாலும் கேஸ் கனெக்ஷனானாலும் தாளை வேதாகமத்தின் மேல் வைத்து எல்லோரும் கை வைப்போம், அம்மா ஜெபிப்பாள். தாள் போய் லேப்டாப் வந்த பிறகு அதன் மூடியில் கை வைக்கிறோம், அவ்வளவுதான்.

தங்கை நர்சிங் படிக்க ஆசைப்பட்ட கல்லூரியும் எங்கள் தளத்தில்தான் இருந்தது. கடைசி நாள், மாலை ஐந்து மணியோடு மூடிவிடும். அவளுடைய சான்றிதழ் ஒன்று அன்று மத்தியானம்தான் கைக்கு வந்தது. ஏழு பக்கம் நிரப்பி முடித்தபோது நாலேகால். கடைசிப் பொத்தானை அழுத்துவது மட்டும் பாக்கி. அம்மா முக்காடு போட்டு முட்டி போட்டாள். ஜெபம் என்றால் எனக்கு உடனே தூக்கம் வரும். அன்றும் வந்தது.

ஆமென் சொல்லித் தங்கை பொத்தானை அழுத்தினாள். திரையில் வேறு ஏதோ வந்தது. "அரே அக்கா, சப் கயா," என்று அழ ஆரம்பித்துவிட்டாள். ஏழு பக்கமும் போயிருந்தது.

"என்னட்டி சொல்லுது அது?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் செய்யாம சும்மா இருந்தீங்களாம், அதான் வெளிய அனுப்பிட்டோம்னு சொல்லுதும்மா."

"சும்மாவா இருந்தேன்? முட்டி போட்டுல்லா இருந்தேன். எந்த அறிவுகெட்டவன் எழுதுனான் இத?"

நான் அவசரமாகச் சான்றிதழ்களைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மறுபடியும் ஏழு பக்கம். நான் சொல்லச் சொல்லத் தங்கை அடித்தாள். பதற்றத்தில் பிறந்த தேதியையே தப்பாக அடித்தாள். முடித்தபோது ஐந்து மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. "அம்மா, முதல்ல அமுக்கிருவோம், பெறவு ஜெபம் பண்ணலாம்," என்று கெஞ்சினேன்.

"குடுத்த பெறவு என்னத்துக்கு ஜெபம்?" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

மவுஸ் அசைந்தால் ஆள் இருக்கிறது என்றுதான் எங்கள் தளம் எடுத்துக்கொள்ளும். ஆகவே நான் கண்ணைத் திறந்துகொண்டு மவுஸை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டே இருந்தேன். அதனால் அம்மாவின் ஜெபத்தை முதல்முறையாக முழுசாகக் கேட்டேன். தங்கைக்கு நாலு வரிதான். மீதி எல்லாம் எனக்கு. ரயிலில் நான் ஏறி இறங்குவது, என் தலைவலி, ஆபீசில் என் பேர். "மூத்தவ செய்யுத வேலை நாலு பேருக்கு உதவியா இருக்கணும் ஆண்டவரே" என்றபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஆமென் சொல்லும்போது ஐந்துக்கு மூன்று நிமிடம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை நேராக மேலாளர் முன்னால் போய் நின்றேன். "சார், இருபது நிமிஷம் வைக்கலாம்."

"யாருக்கு, தூங்கறவாளுக்கா?" என்றார்.

"தூங்கினது நான்தான், சார்," என்றேன்.