அக்கா சீட்டில் மட்டும் போகும் நெட்

பெரியகுளத்தில் ஒரு மாம்பழ வியாபார ஆபீசில் நான் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து சீட்டு அக்காவுக்கு மட்டும் நெட் போய்ப் போய் வந்தது. தோட்டத்திலிருந்து வரும் லோடை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் லாரி கிளம்பும். பாதியில் நெட் போனால் லாரி நிற்கும், டிரைவர் மேனேஜரிடம் கத்துவார், மேனேஜர் அக்காவிடம் கத்துவார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்?

"இந்த வாரமும் இப்பிடின்னா வேற ஆள் பாத்துக்கிருவேன்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"கைப்பிள்ளைய ஆத்தாகிட்ட விட்டுட்டு வாரேன் தம்பி. இதுவும் போச்சுன்னா நான் எங்கன போவேன்?" என்றார் அக்கா.

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட ஆச்சரியம் அதிகமாக வந்தது. ஒரே ஆபீஸ், ஒரே லைன், அதென்ன ஒரு சீட்டோடு மட்டும் பகை? எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நெட்காரரை வரச் சொன்னேன். அவர் மேனேஜர் அறைக்கும் ஹாலுக்குமாக நடந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து நெட் ஜோராக ஓடித் தொலைத்தது. கம்ப்யூட்டரை மாற்றி வைத்தேன். மறுபடி போனது.

மேனேஜர் மேகமலைக்குப் போயிருந்த நாளில், அக்காவை என் சீட்டில் உட்காரவைத்துவிட்டு நான் அங்கே உட்கார்ந்தேன். சாயங்காலம்வரை நெட் ஒரு தடவைகூடப் போகவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"பாத்தியாப்பா? நீ உக்காந்தா ஓடுது, அந்தப் புள்ள உக்காந்தா போகுது. கோளாறு ஆளுலதான்" என்றார் மேனேஜர் மறுநாள், நான் நடந்ததைச் சொன்னதும்.

அன்று மத்தியானமே கையில் ஃபைலோடு ஒரு பெண் இன்டர்வியூவுக்கு வந்தாள். மேனேஜர் அவளை உள்ளே கூப்பிட்டு, சாரல் ஈரத்தில் உப்பிப்போன கதவை இழுத்து இறுக்கிச் சாத்தினார். அக்காவின் நெட் போனது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீ கொண்டுபோனவர் கதவைத் திறந்ததும் நெட் வந்தது. அவர் வெளியே வந்து சாத்தியதும் போயே போனது.

அடேயப்பா!

மேசைக்கு அடியில் தவழ்ந்தேன். எல்லார் ஒயரும் சுவர்மேல் ஓட, அக்காவின் ஒயர் மட்டும் தரையோடு போய், கதவு இடுக்கு வழியாக மேனேஜர் அறையில் இருந்த நெட் பெட்டியில் சேர்ந்தது. கதவு இறுகியபோதெல்லாம் அதைக் கடித்திருக்கிறது. மேனேஜர் ஊரில் இல்லாத அன்று கதவு நாள் பூராவும் திறந்தே கிடந்தது. நெட்காரர் வந்த அன்றும் அப்படித்தான்.

கேட்காமலே கதவைத் தள்ளினேன். "சார், இங்கன வந்து பாருங்க." அவரை அக்காவின் கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடி சாத்தினேன். ஃபைல்காரப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சரி, ஒயர மாத்திருவோம்."

"மாத்துங்க சார்" என்றார் அக்கா. "கதவச் சாத்திக்கிட்டு யார் யார்ட்டயோ என்னையப் பத்திப் பேசுனீக. தெறந்து வச்சு எங்கிட்டயே பேசியிருந்தீகன்னா, நெட்டு ஒரு தடவகூடப் போயிருக்காது."