நேர்ந்துகொண்ட முடி

பதற்றம் என் கூடப் பிறந்தது. கரண்ட் போனால் வீட்டில் எல்லோரும் டார்ச்சைத் தேடுவார்கள். நான் என் பிரஷர் மாத்திரையைத் தேடுவேன். இப்படிப்பட்ட ஆளிடம்தான் பெங்களூர் ஈஜிபுராவில் இருக்கும் எங்கள் மையம், வெளியே வேலை பிடித்துத் தரும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்கள் பகல் நேரத்தில் வந்து வேலை பழகும் இடம் அது. நாற்பது வயதானாலும் அவர்களை நாங்கள் 'பசங்க' என்றுதான் சொல்வோம்.

போன வருஷம் ஜூலையில் ஒரு பெரிய ஹோட்டலில் இருந்து போன் வந்தது. லாண்டரியில் துணி மடிக்க ஒரு ஆள் வேண்டும், வியாழக்கிழமை நேரில் பார்க்கலாம், நீட்டாக வரச் சொல்லுங்கள் என்றார்கள். எங்களிடம் மர்பி டவுனில் இருந்து வரும் இளைஞன் ஒருவன் இருந்தான். டவுன் சிண்ட்ரோம், வயது இருபத்து நாலு. டபுள் பெட்ஷீட்டைத் தனியாளாக, நாலு மூலையும் ஒட்டி நிற்கும்படி மடிப்பான். நான் மடித்தால் அது மூட்டையாகும். பேச்சு மட்டும் ஐந்தாறு சொல்லைத் தாண்டாது. மீதியைப் படச் சீட்டுகளை எடுத்துக் காட்டிச் சொல்வான்.

அவனுக்குப் பிடரியை மறைக்கும் அளவு முடி. 'நீட்' என்ற சொல் என் காதில் விழுந்ததுமே அந்த முடிதான் கண்ணில் நின்றது. செவ்வாய்க்கிழமை கட்டிங் கடைக்காரரை மையத்துக்கே வரவழைத்துவிட்டேன்.

கத்தரியைப் பார்த்ததும் அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். சீட்டுப் பலகைக்குப் போய் ரயில் படத்தையும் கடல் படத்தையும் எடுத்து வந்து மேஜைமேல் வைத்தான். பிறகு இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்கு எல்லாமே உடனே புரிந்துவிடும், அதுதான் வியாதி. முடி வெட்டினால் ரயிலில் கடலுக்குக் கூட்டிப் போக வேண்டுமாம். லஞ்சம்! பெங்களூரில் கடலுக்கு எங்கே போவது? அல்சூர் ஏரியில் போட்டிங் போகலாம் என்று பேரம் பேசினேன். அவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். கோயில் படத்தைக் காட்டி, சாமி கோவிச்சுக்கும் என்றேன். கோபுரம் வரைந்த அந்தச் சீட்டைத் தள்ளிவிட்டான்.

மனநல ஆலோசகருக்குப் போன் போட்டேன். கத்தரி என்றால் சிலருக்கு உடம்பு கூசும், ஒரு வாரம் கத்தரியைத் தூரத்தில் இருந்து காட்டிப் பழக்குங்கள் என்றார். வியாழனுக்கு இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அந்த மத்தியானம் நான் குடித்த டீயின் கணக்கு டீக்கடைக்காரருக்கே தெரியாது. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார முடியாமல், சீட் காலியாக இருந்தும் நின்றபடியே மர்பி டவுன் போனேன்.

அவன் அம்மா அபார்ட்மெண்ட் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறவர். அப்போதுதான் வந்து சேலை மாற்றியிருந்தார். நான் மூச்சு விடாமல் ஹோட்டல், கத்தரி, கடல், கூச்சம் என்று கொட்டி முடித்ததும் சிரித்துவிட்டார்.

"கூச்சமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். அது வேளாங்கண்ணி மாதாவுக்கு நேந்துகிட்ட முடி. செப்டம்பர் திருநாளுக்குப் போய் குடுக்கணும்."

ரயில், கடல், தலை. என் முகத்தில் ஈ ஆடவில்லை.

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். சேர்க்க வந்த அன்றைக்கே, இங்கே மதம் கிடையாது, சாமி பேச்சு வேண்டாம் என்று மையத்தை நடத்தும் மேடம் சொன்னாரே என்றார். உண்மை. அது எங்கள் மையத்தின் பெருமை. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து வாசலில் பூசணிக்காய் உடைப்போம். அது எங்கள் கணக்கில் மதம் இல்லை, ஆபீஸ் வழக்கம். பலகையில் கோபுரம் உண்டு. மாதா கோயில் இல்லை, தர்கா இல்லை, அதே மர்பி டவுனில் இருந்து வரும் பௌத்தக் குடும்பத்துப் பெண்ணுக்குப் புத்தர் இல்லை. கோயில் என்ற ஒரு சீட்டில் எல்லோரையும் அடக்கிவிட்டதாக நினைத்திருந்தோம்.

பதற்றத்தில் புத்தி குறுக்கே ஓடியது. வேண்டுதலைச் சிவாஜிநகர் மாதா கோயிலிலேயே நாளைக்கு முடித்துவிடலாமே, அதே மாதாதானே என்றேன்.

"மாதா ஒண்ணுதான் சார். ஆனா நேந்துகிட்டது நான் இல்ல. அவன்." அவர் குரல் இறங்கியது. "எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணப்ப மாதா படத்துக்கு முன்னாடி நின்னு தலையத் தொட்டுக் காட்டினான். நானாயிருந்தா மாத்திக்குவேன். அவனுதை நான் எப்படி மாத்தறது?"

அவன் மூலையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில், 'பசங்க' யாராவது தானாக ஒரு வாக்குக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு முறைகூடத் தோன்றியதில்லை.

புதன்கிழமை மேடத்திடம் சொன்னேன். புதுச் சீட்டுகள் வரையச் சொன்னார். ஆனால் ஹோட்டலுக்குச் சீட்டு வரைந்து அனுப்ப முடியாதே.

வியாழக்கிழமை அவன் முடியை எண்ணெய் தடவி இழுத்துக் கட்டி வந்தான். சட்டை இஸ்திரி போட்டது. என் சட்டைதான் வியர்வையில் ஒட்டியிருந்தது. லாண்டரி மேனேஜர் ஒரு கன்னடப் பெண்மணி. அவன் மடித்த பெட்ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடியைப் பற்றி நானாகவே உளற ஆரம்பித்தேன். உள்ளே எல்லோருக்கும் தொப்பி உண்டு, முடி எவ்வளவு இருந்தால் என்ன என்றார். இரண்டு நாள் உயிரை விட்டது ஹோட்டல் போடாத ஒரு சட்டத்துக்காக. திங்கட்கிழமை வரலாம் என்றார்.

அப்பாடா என்று எழுந்தேன். அவன் எழவில்லை. சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் போய் ஜூலையைத் தூக்கினான், ஆகஸ்டைத் தூக்கினான், செப்டம்பர் எட்டில் விரலை வைத்தான். தலையைத் தொட்டுக்கொண்டான்.

வேலைக்குச் சேரும் முன்பே லீவு. 'சும்மா விளையாடுகிறான் மேடம், காலண்டர் என்றால் அவனுக்கு ஆசை' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டேன். பிறகு திக்கித் திக்கி வேண்டுதலைச் சொன்னேன்.

"அவங்க அம்மாவோட ஹரகெயா?" என்றார் மேனேஜர். வேண்டுதலுக்குக் கன்னடத்தில் அதுதான் சொல்.

"இல்ல மேடம். இவருது."

அவனை நான் 'இவர்' என்று சொன்னது எனக்கே புதிதாகக் கேட்டது. மேனேஜர் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பி, எத்தனை நாள் என்று கன்னடத்தில் கேட்டார். அவர் நாலு விரலைக் காட்டினார். நாலு நாள் சம்பளம் கிடையாது என்றார் மேனேஜர். அவர் யோசித்தார். சரி என்று தலையாட்டினார்.

வெளியே காத்திருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ரயில் டிக்கெட் போட்டாச்சா என்று கேட்டேன்.

"போட்டாச்சு சார். வெயிட்டிங் லிஸ்ட்."

அம்மாவும் மகனும் நிதானமாக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். நான் அங்கேயே நின்று போனை எடுத்து, ரயில்வேயில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் யாராவது இருக்கிறாரா என்று தேட ஆரம்பித்தேன்.