படத்தில் சேறு எங்கே?

"பறவைகளைப் பொறுத்தவரை முக்கியத்துவம் எதுவும் இல்லாத, பாழடைந்த கரை."

இந்த வரியை வாசித்தபோது பேருந்தின் மேல்தட்டில் இருந்தேன். வாய்விட்டு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். முன் இருக்கைக்காரர் திரும்பி முறைத்தார். முறைக்கட்டும். மடியில் இருந்தது ஒரு லொறிக் கொம்பனி காசு கொடுத்து எழுதுவித்த அறிக்கை. லண்டனின் கிழக்கே நாங்கள் இருந்த இல்ஃபோர்டிலிருந்து வான் வண்டியில் இருபது நிமிடத் தூரத்தில், தேம்ஸின் வடகரையில், ஓர் ஓடை ஆற்றோடு சேருகிற இடத்தில் ஒரு சேற்று வளைவு இருக்கிறது. அதை மண்போட்டு நிரப்பி லொறிகளை நிறுத்தப்போகிறார்களாம். கவுன்சிலிடம் அனுமதி கேட்டிருந்தார்கள்.

அந்தச் சேற்றின் ஓரத்தில்தான் நான் மூன்று குளிர்காலமாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்தொன்பது வயது, உயிரியல் முதலாம் ஆண்டு. எதையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடத் தெரியாத காலம்.

சேறு என்றதும் எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். ஒரு கை சேற்றை அள்ளித் தண்ணீரில் கழுவிப் பாருங்கள்: நெல்மணியிலும் சிறிய நத்தைகள், நூல் போன்ற புழுக்கள். அவற்றுக்காகத்தான் ஆர்க்டிக் பக்கத்திலிருந்து உள்ளான்கள் கூட்டமாக வருகின்றன. சிவந்த காலோடு பவளக்காலி வரும். மார்பில் செம்மண் பட்டி கட்டியது போன்ற ஷெல்டக் தாரா, அலகைச் சேற்றில் வைத்து இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும். கடலின் ஏற்ற இறக்கத்தோடு இந்த ஆறும் நாளுக்கு இருமுறை பெருகி வற்றும்: வற்றினால் சாப்பாடு, பெருகினால் ஓய்வு. கரையோர வெள்ளத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் உள்ள புல்மேட்டில் ஒற்றைக் காலில் நின்று தூங்கும். அவற்றுக்கு இரவு பகல் கணக்கில்லை, வற்றும் பெருக்கும்தான் கணக்கு.

இவ்வளவுக்கும் இது ஒருமுறை செத்துப்போன ஆறு. அந்த ஓடையிலிருந்து ஒரு காலத்தில் பாய்மரப் படகுகள் கடலுக்கு மீன் பிடிக்கப் போயின. பனிக்காலத்தில் பக்கத்து வயல்களில் தண்ணீர் விட்டு உறையவைத்து, அந்த ஐஸில் மீனைக் கொண்டுவந்தார்கள். பிறகு நகரம் தன் கழிவை எல்லாம் ஆற்றில் கொட்டியது. மீன் போனது, மீனைத் தின்ற பறவை போனது. நாங்கள் இந்த நாட்டுக்கு வருவதற்குக் கொஞ்சக் காலம் முன்புதான் கழிவைச் சுத்தப்படுத்தி ஆற்றுக்கு மறுபடி மூச்சு வரவைத்தார்கள். கொன்றுவிட்டு, பாடுபட்டு உயிர்ப்பித்துவிட்டு, இப்போது லொறி நிறுத்த இடம் வேண்டுமாம்!

அறிக்கையின் கடைசிப் பக்கத்துப் படம் வரும்வரை என் கோபத்தில் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை. படத்தின் கீழே, "சட்டவிரோதமாகக் குப்பை கொட்டப்படும் இடம்" என்று எழுதியிருந்தது. கரையோரப் புல்லை முட்டிக்கொண்டு மிதந்தவை தேங்காய்கள். கூடவே ஒரு செவ்வந்தி மாலை, கடையின் பெயர் அச்சிட்ட பிளாஸ்டிக் பை. அது எங்கள் தெருவில் உள்ள கடை.

என் முகம் சுட்டது. அந்தத் தேங்காய்கள் எப்படி அங்கே வந்தன என்று எனக்குத் தெரியும். அந்தக் கரையை நான் முதன்முதலாகப் பார்த்ததே பெரியப்பாவின் சாம்பலோடு போனபோதுதான். யாழ்ப்பாணத்தில் சாம்பல் கரைக்கிற கீரிமலைக் கடலுக்குப் போக யுத்தம் விடவில்லை. இந்த ஆறும் கடலுக்குத்தானே போகிறது என்று யாரோ சொல்ல, எங்கள் ஆட்கள் அங்கே போய்க் கரைக்கத் தொடங்கினார்கள். ஆட்களை ஏற்றிப்போய், கும்பத்தையும் தேங்காயையும் ஒழுங்குசெய்து தருகிறவர் ஒரு வான்கார அங்கிள். ஐயர் சொன்னபடி எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டு, திரும்பிப் பாராமல் நடந்து வந்துவிட வேண்டும். எல்லோரும் அப்படியே நடந்தார்கள். நான் மட்டும் ஏதோ ஒரு பறவை கூப்பிட்ட சத்தத்துக்குத் திரும்பினேன். அப்போது தண்ணீர் பெருகிக்கொண்டிருந்தது. பெரியப்பாவுக்கு விட்ட மாலை எங்கள் பின்னாலேயே கரைக்கு வந்துகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பெரியம்மா அழுதுகொண்டிருந்தார், எப்படிச் சொல்வது?

இப்போது சொல்லாமல் முடியாது. அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வான் அங்கிள் வீட்டுக்குப் போனேன். அவர் சமையலறையில் நின்று கோழி வெட்டிக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன்.

"எங்கட தேங்காய்தான்," என்றார், மூக்குக்கண்ணாடியை உயர்த்தி. "நல்ல தேங்காய். சாமானில நான் ஒருநாளும் குறைவைக்கிறேல்ல."

"அங்கிள், பகிடி விடாதேங்கோ. நீங்கள் விடுற எல்லாம் பெருக்கில திரும்பிக் கரைக்கு வருது. இதைக் காட்டித்தான் அது குப்பைமேடு எண்டு சொல்லுறாங்கள்."

"ஆற்றில விட்டது ஏன் திரும்பி வரும்? எங்கட பக்கம் கடலில விட்டால் திரும்பி வாறதே?"

"எங்கட பக்கம் தண்ணி முழங்கால் அளவு ஏறினால் பெரிய விசயம். இஞ்ச ரெண்டு மாடி உயரத்துக்கு ஏறுது. ஒருநாளாவது நிண்டு பாத்திருக்கிறியளோ?"

"திரும்பிப் பாக்கக் கூடாதெண்டு ஐயர் சொல்லுறார். நீ நிண்டு பார் எண்டுறாய். நான் ஆர் சொல்லைக் கேக்கிறது?"

"பிளாஸ்டிக் பையோட விடச் சொன்னதும் ஐயரே?"

கத்தி நின்றது. "பிள்ளை, அகதி கேஸ் முடியாத சனமும் அங்க வந்து போகுது. நீ கூட்டத்தில போய் இது எங்கட வேலை எண்டு சொன்னாயெண்டால், அதுகள் நாளைக்கு எங்க போய்க் கரைக்கும்? வாயைப் பொத்திக்கொண்டு இரு. ரெண்டு கொக்குக்காகச் சனத்தைக் காட்டிக் குடுக்காத."

"கொக்கில்லை!" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். இவருக்கு விளங்கவில்லையே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் வந்த ஆத்திரம் அதைவிட அதிகம். ஒரு கிழமை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான், இவ்வளவு நாளாகத் தேங்காயைப் பார்த்த கண், தேங்காய் எதில் மிதக்கிறது என்று பார்த்தது.

கவுன்சில் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசத் தந்தார்கள். கொம்பனியின் நிபுணர் எனக்கு முன்னால் பேசினார். நல்ல கோட்டு, அமைதியான குரல். தங்கள் ஆட்கள் நேரில் சென்று பார்த்தார்களாம். சேற்றில் ஒரு பறவைகூட இரை தேடவில்லையாம். மக்கள் குப்பை போடும் இடமாம். சுவரில் தேங்காய்ப் படம் பெரிதாகத் தெரிந்தது. குழுவில் இருந்த இரண்டொருவர் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். பொதுமக்கள் வரிசையில், கடைசி இருக்கையில், கைகளைக் கட்டிக்கொண்டு வான் அங்கிள். அவர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. எழுதிக்கொண்டு போன பேச்சு முழுவதும் மறந்துபோயிற்று.

"அந்தத் தேங்காய்கள் எங்களுடையவை," என்றேன். "செத்தவர்களுக்காக விடுவது. ஆறு கொண்டுபோகும் என்று நம்பி விடுகிறோம். நீர் பெருகும் நேரத்தில் விட்டால் ஆறு திருப்பித் தந்துவிடுகிறது. அது எங்கள் பிழை, திருத்திக்கொள்வோம். ஆனால் ஒன்று கேட்கிறேன். தேங்காய் புல்லைத் தொட்டுக்கொண்டு மிதக்கிறது. தண்ணீர் கரைமுட்ட நிற்கிறது. இந்தப் படத்தில் சேறு எங்கே?"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். சேறு இல்லை. ஒரு விரற்கடைகூட இல்லை.

தலைவராக இருந்த பெண்மணி நிபுணரிடம் கேட்டார்: "நீங்கள் பார்த்தது எந்த நேரத்தில்?"

"அலுவலக நேரத்தில்."

"நான் கேட்டது ஆற்றின் நேரத்தை."

அவர் தாள்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். முழுப் பெருக்கில் வந்து, தண்ணீரைப் பார்த்துவிட்டு, சேற்றில் பறவை இல்லை என்று எழுதிய மனிதர்! சாப்பாட்டுக் கடை பூட்டியிருக்கும்போது வந்து, இங்கே யாருமே சாப்பிடுவதில்லை என்று எழுதியது போல. ஒருமுறை திரும்பி, கரையோரச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்திருந்தால் புல்மேட்டில் முழுக்கூட்டமும் தூங்கிக்கொண்டு நின்றதைக் கண்டிருப்பார்.

சேற்றை நிரப்ப அனுமதி கிடைக்கவில்லை. வெளியே வந்ததும் வான் அங்கிள் வண்டிக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அம்மாவுக்கு மூன்று தொலைபேசி அழைப்புகள்: உங்கட மகள் வெள்ளைக்காரருக்கு முன்னால எங்களைத் தலைகுனிய வைச்சிட்டாள். அம்மா மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: "அவளிட்டையே கேளுங்கோ. எனக்கும் அவளோட கதைக்க ஏலாது."

வென்றோம் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் கொம்பனி புதிய விண்ணப்பம் போட்டது. இந்த முறை சேற்றைத் தொடமாட்டார்களாம், பெருந்தன்மை! சுவருக்குப் பின்னால் உள்ள வெறும் புல்மேடு மட்டும் போதுமாம். சாப்பாட்டு மேசையை விட்டுவிட்டு, படுக்கையைத் தூக்கிக்கொண்டு போகிற பெருந்தன்மை. நிற்க இடமில்லாத பறவை பெருக்கு முழுவதும் பறந்துகொண்டே இருக்க முடியுமா? தின்றதெல்லாம் அந்தப் பறப்பிலேயே தீர்ந்துவிடும். பிறகு எதற்குச் சேறு?

ஆட்சேபக் கடிதம் எழுதி, கையெழுத்துக்காக இல்ஃபோர்ட் கடைத்தெருவில் நின்றேன். முக்கால்வாசிப் பேர் தாளைப் பார்க்காமலே விலகிப் போனார்கள். பின்னேரம் வான் ஒன்று நடைபாதை ஓரமாக வந்து நின்றது. அங்கிள் இறங்கி வந்து, தாளை வாங்கி முழுவதையும் வாசித்தார்.

"இதில எங்கட சனத்தைப் பற்றி ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை. புல்மேட்டைப் பற்றி மட்டும்தான்."

"அண்டைக்கு அந்தக் கோட்டுக்காரன் எங்கட தேங்காயைக் காட்டேக்க, அவை சிரிச்சவை." அவர் தாளை மறுபடி பார்த்தார். "என்ர அம்மாவின்ர சாம்பலோட விட்ட தேங்காயும் அதுக்குள்ள கிடந்திருக்கும்."



"குடு பேனையை," என்றார். வானின் பக்கவாட்டில் தாளை அழுத்திப் பிடித்து, முழுப் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு கதவைத் திறந்து உள்ளே இருந்தவர்களைப் பார்த்து, "இறங்குங்கோ எல்லாரும், ஒரு கையெழுத்து வைக்கக் கிடக்கு," என்றார்.